நெக்ஸ்ட் வேண்டாம், சரி, வேறென்ன வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். செய்முறைத் தேர்வின் வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். ஒரு மாணவிக்கு லாங் கேஸாக, அதாவது முழுவதும் பரிசோதித்து விளக்க வேண்டிய நோயாளியாக வந்தவர், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருந்த ஐம்பது வயதுக்காரர். காரணங்கள், சிக்கல்கள், மருந்துகள், அவற்றின் அளவு என்று அந்தப் பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஒன்றும் தப்பில்லை. "சரிம்மா, வயித்துல தண்ணி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சே? செஞ்சு காட்டு" என்றேன். நோயாளியின் வயிற்றில் கையை வைத்தார். அதற்கு மேல் கை நகரவில்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொல்ல வேண்டும், விரலால் தட்டிச் சத்தம் எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் அவருக்குத் தெரியும். "வார்டுல ஒரு பேஷன்டைச் சுத்தி இருபது பேர் நிப்போம் சார். முன்னாடி நிக்கிறவங்கதான் தொடுவாங்க" என்றார்.

அகத்தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் தேர்ச்சி மதிப்பெண் போட்டேன். அந்த மாணவியை நிறுத்தினால் அதே காரணத்துக்காக அந்தப் பட்டியலில் இன்னும் முப்பது பேரையாவது நிறுத்தியாக வேண்டும். அதற்கான துணிச்சல் எனக்கு அன்று இல்லை.

மருத்துவக் கல்வியின் தரம் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூனில், மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம், எம்.பி.பி.எஸ். முடிக்கும் எல்லாருக்கும் நாடு முழுக்க ஒரே தேர்வாக வைக்க நினைத்த 'நெக்ஸ்ட்' தேர்வின் விதிமுறைகளை வெளியிடத் தயாரானபோது, அது வேண்டாம் என்று தமிழ்நாட்டு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றில் சில எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகு நம் கையில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை மாநிலத்தில் யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டே ஆக வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2014க்கு முன் நாட்டில் 387 மருத்துவக் கல்லூரிகள், 51,348 எம்.பி.பி.எஸ். இடங்கள். பத்தாண்டு கழித்து 2024ல் ஒன்றிய அரசு சொன்ன கணக்கு 731 கல்லூரிகள், 1,12,112 இடங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரத்துக்கும் அரியலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் மருத்துவக் கல்லூரி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. கட்டடத்தை இரண்டு ஆண்டில் எழுப்பிவிடலாம். ஒரு உதவிப் பேராசிரியர் உருவாக எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்கப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். இடங்கள் வளரும் வேகத்துக்கு ஆசிரியர்கள் வளர மாட்டார்கள்.

தரத்தைக் காக்க உலகம் முழுக்க ஏறக்குறைய நான்கு வழிகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே விடும்போதே வடிகட்டுவது, கல்லூரியைப் போய்ச் சோதிப்பது, வெளியே விடும்போது தேர்வு வைப்பது, சக கல்லூரிகளைக் கொண்டு மதிப்பிட்டு அங்கீகாரம் தருவது. நான்கையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. இந்த வழிக்கு அந்த மாணவியின் கை தெரியுமா? குறை கண்டுபிடிக்கப்பட்டால் அடி யார் மேல் விழும்?

நுழைவுத் தேர்வு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நீட் தேர்வு தரத்தைக் காக்கிறது என்பவர்கள் தேர்ச்சிக் கோட்டைப் பார்க்க வேண்டும். 2023ல் பொதுப் பிரிவுக்கான கட் ஆஃப் 720க்கு 137. ஏனென்றால் அந்தக் கோடு மதிப்பெண்ணில் இல்லை, எழுதியவர்களில் மேல் பாதி என்ற கணக்கில் இருக்கிறது. 137 எடுத்தவருக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது; பணம் இருந்தால் வேறு இடம் கிடைக்கும். அதே ஆண்டு முதுநிலை நீட்டில் காலி இடங்களை நிரப்பக் கட் ஆஃபை பூஜ்ய பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தால் போதும் என்று பொருள். தரத்துக்காக வைத்த காவல், இடம் காலியாகக் கிடந்ததும் கதவைத் திறந்துவிட்டது.

நீட்டின் சமூக நீதிக் கேள்வி தனிக் கதை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்துதான் அதன் காயத்துக்கு மருந்து போட வேண்டியிருந்தது. இங்கே நான் கேட்பது ஒன்றுதான்: பதினேழு வயதில் இயற்பியல் கணக்கு போட்ட கை, இருபத்திரண்டு வயதில் வயிற்றைத் தட்டிப் பார்க்குமா? அதை நுழைவுத் தேர்வால் சொல்ல முடியாது. சொல்லும் என்று அதனிடம் எதிர்பார்த்ததும் தப்பு. யாரை எடுப்பது என்று முடிவுசெய்ய ஏதோ ஒரு வழி வேண்டும். அந்த அளவில் அது இருக்கட்டும், அல்லது வேறொன்று வரட்டும். தரக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இன்ஸ்பெக்‌ஷன்

அரசுக் கல்லூரியில் வேலை பார்த்த யாரிடமும் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சிரிப்பு வரும். நான் இளையவனாக இருந்தபோது, ஒரு கல்லூரியில் இருந்து இன்னொரு கல்லூரிக்கு எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே உத்தரவில் மாற்றினார்கள். போய்ச் சேர்ந்து, கையெழுத்துப் போட்டு, தலை எண்ணப்பட்டு, மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பினோம். போன இடத்தில் எனக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. தனியாரில் இதற்கு வேறு வடிவம்: ஆண்டு முழுக்கச் சொந்த ஊரில் கிளினிக் நடத்துபவர் இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். படுக்கை நிரப்ப வேனில் ஆள் கூட்டிவருவதும் உண்டு. காலையில் அட்மிஷன், மதியம் பிரியாணி, சாயங்காலம் டிஸ்சார்ஜ். நோய் என்ன என்று கேட்டால் 'உடம்பு வலி' என்பார்கள்.

இதெல்லாம் ஊரறிந்த ரகசியம். 2010ல், கல்லூரிகளைச் சோதிக்கும் பொறுப்பில் அப்போது இருந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டார்; அடுத்த மாதம் கவுன்சில் கலைக்கப்பட்டு நிர்வாகக் குழு வந்தது. 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு கவுன்சிலைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்தது. 2018ல் அவசரச் சட்டத்தால் மறுபடி கலைத்தார்கள். 2019ன் புதிய சட்டப்படி 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம். ஆள் மாறியது, பெயர் மாறியது, கணினி வந்தது. ஆதாருடன் இணைந்த விரல்ரேகை வருகைப் பதிவு, வகுப்பறையில் கேமரா, ஆண்டுதோறும் இணையத்தில் தாக்கல் செய்யும் அறிக்கை எல்லாம் வந்தன. அப்புறம்? 2025 ஜூன் கடைசியில் சி.பி.ஐ. 34 பேர் மேல் வழக்குப் பதிந்தது. சுகாதார அமைச்சக அலுவலர்கள், சோதனைக்குப் போனவர்கள், கல்லூரி நிர்வாகிகள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ரகசியக் கோப்புகள் கைமாறியது, பொய் நோயாளிகள், போலி ஆசிரியர்கள், வருகைப் பதிவுக்கு நகல் விரல்கள் என்று குற்றச்சாட்டு நீள்கிறது. வழக்கு நடக்கிறது, முடிவு நீதிமன்றத்தின் கையில். ஆனால் விரல்ரேகை கேட்டால் விரலையே செய்துகொள்வார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இதே கேமராக் கண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 மே மாதம் சென்னை ஸ்டான்லி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், தருமபுரி ஆகிய மூன்று அரசுக் கல்லூரிகளின் இளநிலை அங்கீகாரத்தை ஆணையம் நிறுத்தியது. முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம் வருகைப் பதிவுக் கருவியிலும் கேமராவிலும் குறை. சில வாரங்களில் சரிசெய்து அங்கீகாரம் திரும்பி வந்தது. வடசென்னையில் ஸ்டான்லியின் ஓ.பி. வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை நின்று பார்த்தவர்களுக்கு இதன் வேடிக்கை புரியும். அங்கே மாணவனுக்கு நோயாளி பஞ்சம் இல்லை, கேமராவுக்குத்தான் பஞ்சம். நோயாளியே இல்லாத இடத்தில் கேமரா நன்றாக வேலை செய்யும்.

ஆக, இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாமா? வேண்டும். அடித்தளம் இருக்கிறதா என்று யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். 2023 விதிமுறையின்படி 100 இடங்களுக்கு 420 படுக்கை வேண்டும். இப்படியான ஒரு கணக்கு இல்லாவிட்டால் திருமண மண்டபத்திலும் கல்லூரி நடத்துவார்கள். ஆனால் ஒரு நாள் போய் எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரி தானாகவே விட்டுச்செல்லும் தடங்களைப் படிக்கலாம். எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, ரத்த வங்கியில் இருந்து எத்தனை யூனிட் போனது, எத்தனை இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனை பில். பிரியாணி போட்டுக் கூட்டிவந்தவரை பிரசவிக்க வைக்க முடியாது. இந்தக் கணக்கெல்லாம் மாநில அரசின் கோப்புகளிலேயே கிடக்கிறது. டில்லியைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனை முறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. குறை கண்டுபிடித்தால் அடி கல்லூரி மேல் விழ வேண்டும். நடைமுறையில் நடுவில் மாட்டுபவர்கள் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள். பக்கத்து நாட்டில் இதைப் பார்த்தோம். இலங்கையில் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்தது; அவர்கள் பட்டம் வாங்கும் கட்டத்தில் அவர்களை மருத்துவர்களாகப் பதிவு செய்ய மருத்துவச் சபை மறுத்தது. வழக்கு, வேலைநிறுத்தம், 2017 முழுக்கத் தெருப் போராட்டம். கடைசியில் மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தரங்கள் அரசிதழில் வந்ததே 2018ல்தான். அளவுகோலை வகுப்பு தொடங்கிய பிறகு செய்தால் இப்படித்தான் ஆகும்.

வெளியேறும் தேர்வு

இப்போது நெக்ஸ்ட். விதிமுறையில் இருந்த வடிவம் இது. முதல் கட்டம் மூன்று நாள், ஆறு தாள், 540 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதன் பிறகு இன்டர்ன்ஷிப். அது முடிந்ததும் இரண்டாம் கட்டம்: ஏழு பாடங்களில் நோயாளியை வைத்துச் செய்முறையும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும், தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். முதல் கட்ட மதிப்பெண்தான் முதுநிலைப் படிப்புக்கான ரேங்க். வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் இதே தேர்வு.

ஆக ஒரே தேர்வுக்கு மூன்று வேலை. இறுதியாண்டுத் தேர்வு, மருத்துவராகப் பதிவு செய்ய உரிமத் தேர்வு, முதுநிலைக்குப் போட்டித் தேர்வு. என் எதிர்ப்பு இந்த இடத்தில்தான். உரிமத் தேர்வு கேட்க வேண்டிய கேள்வி, 'இவரிடம் ஒரு காய்ச்சல் நோயாளியை நம்பி விடலாமா?' பெரும்பாலோர் ஆம் என்று வர வேண்டிய கேள்வி அது. போட்டித் தேர்வுக்கு அந்தக் கேள்வி பயன்படாது. எல்லாரும் சரியாகச் சொன்னால் ரேங்க் எப்படிப் போடுவது? அதனால் அபூர்வ நோய்களும் என்சைம் பெயர்களும் உள்ளே வரும். மாணவர்கள் அதற்குத்தான் படிப்பார்கள். ஏற்கெனவே இன்டர்ன்ஷிப் காலத்தில் டூட்டி ரூமில் ஸ்டெதாஸ்கோப்பைவிடக் கோச்சிங் செயலிக்குத்தான் வேலை அதிகம். நெக்ஸ்ட் வந்தால் அந்தக் காய்ச்சல் இரண்டாம் ஆண்டுக்கே இறங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டு ஆனது. 1992ல் தொடங்கிய யு.எஸ்.எம்.எல்.இ. உரிமத்துக்காக உருவான தேர்வு. மேற்படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் அதன் முதல் படியின் மதிப்பெண்ணைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் வார்டை விட்டுக் கேள்வி வங்கிக்குள் போய்விட்டார்கள். 2022 ஜனவரியில் இருந்து அந்தப் படிக்கு மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சி, தோல்வி மட்டும். அவர்கள் பிரித்த இரண்டையும் நாம் இப்போது ஒட்டப் பார்க்கிறோம்.

வெளியேறும் தேர்வு மட்டுமே கல்லூரியைத் திருத்தாது என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. வெளிநாட்டில் படித்து வருபவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு 2002ல் தொடங்கியது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலான முறை எழுதியவர்களில் கால்வாசிப் பேர் தேறுவதே அதிகம். இருபது ஆண்டுக்கு மேல் இந்த வடிகட்டி இருக்கிறது. வெளியே அந்தக் கல்லூரிகள் திருந்தியதா? இல்லை. ஏஜென்டுகள் குறைந்தார்களா? இல்லை. வளர்ந்தது கோச்சிங் மையங்கள்தான். நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பிய திருவண்ணாமலைக்காரரோ தர்மபுரிக்காரரோதான் அடி வாங்குகிறார். பணம் வாங்கிய கல்லூரிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அந்தத் தேர்வு ஒரு நல்ல வேலையும் செய்தது. நாடு வாரியாக, கல்லூரி வாரியாக முடிவுகளைத் தேசியத் தேர்வு வாரியம் வெளியிட்டது. 2015 முதல் 2018 வரையிலான கணக்கில் பங்களாதேஷில் படித்தவர்கள் தேறிய விகிதம், சீனாவிலோ ரஷ்யாவிலோ படித்தவர்களைப் போல இருமடங்கு. பங்களாதேஷின் வார்டுகளில் இருப்பது நம்மூர் நோய்கள், நம்மூர்க் கூட்டம். நோயாளியிடம் பேச மொழியும் அவ்வளவு அந்நியம் இல்லை. காரணம் அதுதான் என்று நான் ஊகிக்கிறேன். விடையைக் குறிக்கும் தேர்விலேயே கூட, நோயாளியைத் தொட்டவர்கள் முன்னால் வந்திருக்கிறார்கள்.

வெளியேறும் தேர்வுக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை எதிர்ப்பாளர்கள் தொடுவதே இல்லை. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளும் பல தனியார் கல்லூரிகளும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. வேலூர் சி.எம்.சி.யும் அதில்தான். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், வெளியில் இருந்து தேர்வாளர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. அங்கே பாடம் நடத்துவது, வினாத்தாள் எடுப்பது, திருத்துவது, பட்டம் தருவது எல்லாம் ஒரே நிர்வாகம். நல்ல நிகர்நிலைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நல்லது எது, மோசம் எது என்று வெளியில் இருப்பவருக்குப் பிரித்துக்காட்ட ஒரு பொதுத் தேர்வுகூட இல்லை. கோடிக்கு மேல் கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் தெரியாது, நாளை அந்த மருத்துவரிடம் போகும் நோயாளிக்கும் தெரியாது.

செய்முறைப் பகுதியை எப்படி நடத்துவது என்பதுதான் கடினம். அமெரிக்கா 2004ல் ஐந்து நகரங்களில் மையம் வைத்து, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஒரு செய்முறைப் படியை நடத்திப் பார்த்தது. விமானம் ஏறிப் போய், ஆயிரம் டாலருக்கு மேல் கட்டி எழுத வேண்டியிருந்தது. கொரோனாவில் நின்றது, 2021ல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். பிரிட்டன் வேறு வழி போகிறது. 2024–25 கல்வியாண்டு முதல் பட்டம் பெறுபவர்களுக்கு அங்கே ஒரு உரிம மதிப்பீடு வந்திருக்கிறது. அறிவுத் தாள் நாடு முழுக்கப் பொது. செய்முறையை அந்தந்தக் கல்லூரியே நடத்தும், ஆனால் பொது மருத்துவக் கவுன்சில் விதித்த தரத்தில். மேற்படிப்பு ரேங்கை இதில் கலக்கவில்லை. நமக்குக் கிட்ட வருவது இந்த வடிவம்.

சக கல்லூரிகளின் மதிப்பீடு

நான்காவது வழிக்கு மூலவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளையும் நேரில் பார்த்து 1910ல் அறிக்கை எழுதினார். எங்கே ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது, எங்கே ஆஸ்பத்திரியே இல்லை என்று பெயர் போட்டே எழுதினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் ஏராளமான பள்ளிகள் மூடின. தரம் ஏறியது, மறுப்பதற்கில்லை. கூடவே, கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஹாவர்டும் மெஹாரியும் தவிர ஐந்து மறைந்தன. தரம் என்ற பெயரில் கத்தியை எடுத்தால் முதலில் அறுபடுவது யாருடைய பள்ளி என்பதை அந்தக் கதை சொல்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு 100 இடம் என்று 2023 ஆகஸ்டில் ஆணையம் கோடு கிழித்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. தன் பணத்தில் கல்லூரி கட்டி அந்த எண்ணைத் தாண்டிவிட்ட தமிழ்நாட்டுக்கு 'போதும், நில்' என்பது தரக் கட்டுப்பாடு ஆகாது. எதிர்ப்புக்குப் பிறகு அதையும் தள்ளிவைத்தார்கள்.

இன்று அமெரிக்காவில் எல்.சி.எம்.இ. என்ற அமைப்பு எட்டாண்டுக்கு ஒருமுறை மதிப்பிடுகிறது. கல்லூரி முதலில் தன்னைத் தானே ஆராய்ந்து எழுத வேண்டும். மாணவர்கள் தனியாக ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். அப்புறம்தான் வேறு கல்லூரி ஆசிரியர்கள் நேரில் வருவார்கள். மாணவர் அறிக்கை என்பது எனக்குப் பிடித்த அம்சம். 'முன்னாடி நிக்கிறவங்கதான் தொடுவாங்க' என்ற வரி இந்த ஒரு வழியில்தான் தாளில் ஏறும்.

நம் ஆணையத்துக்கு 2023ல் மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பத்தாண்டுக்குக் கிடைத்தது. அது ஆணையத்துக்குக் கிடைத்தது. உங்கள் கல்லூரியின் தரத்துக்குக் கிடைத்த முத்திரை என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். இந்த வழியின் ஓட்டையும் வெளிப்படையானது. நாளைக்கு உன் கல்லூரியை மதிப்பிட நான் வருவேன், மறுநாள் என் கல்லூரிக்கு நீ வருவாய் என்றால், இருவருக்கும் நல்ல கிரேடுதான் கிடைக்கும். அறிக்கை முழுசாகப் பொதுவெளியில் வராத வரை நான் இதை நம்ப மாட்டேன்.

நான் எதை எடுப்பேன்

தமிழ்நாட்டு அரசின் இடத்தில் இருந்து யோசிக்கிறேன். நெக்ஸ்டை மொத்தமாக எதிர்ப்பதை விட்டுவிட்டு அதை மூன்றாக உடைக்கச் சொல்வேன். முதுநிலை ரேங்க் தனி. அறிவுத் தாள், நிகர்நிலை உட்பட எல்லாருக்கும் பொது, தேர்ச்சி தோல்வி மட்டும். செய்முறைத் தேர்வு மாநிலத்தின் கையில். இந்த மூன்றாவதை டில்லிக்காகக் காத்திருக்காமல் பல்கலைக்கழகமே தொடங்கலாம். தேர்வாளர் யார் என்பதைத் தேர்வுக்கு முதல் நாள் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்யட்டும். நட்புக்கு நேரம் இருக்காது. ஒரு லாங் கேஸில் அதிர்ஷ்டம் பார்க்காமல், பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: ரத்த அழுத்தம் பார், வயிற்றைத் தட்டு, தையல் போடு, கெட்ட செய்தியை உறவினரிடம் சொல். செய்தாரா, இல்லையா. அதில் தேறாதவர் மூன்று மாதம் வார்டில் இருந்துவிட்டு மறுபடி வரட்டும். பட்டத்தைப் பறிக்க வேண்டாம்.

அடி கல்லூரி மேல் விழ வேண்டும் என்றேனே, அதற்கு முடிவுகளைக் கல்லூரி வாரியாக, நிலையம் வாரியாக வெளியிட்டால் போதும். ஒரு கல்லூரியில் பாதிப் பேருக்கு வயிற்றைத் தட்டத் தெரியவில்லை என்று கவுன்சலிங்குக்கு முந்தைய வாரம் வெளியானால் அந்த நிர்வாகம் எந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பயப்படாத அளவு பயப்படும். அரசுக் கல்லூரியும் அதே பட்டியலில் வர வேண்டும், சலுகை கூடாது. புதிதாகத் திறந்த பதினோரு கல்லூரிகளில் சில மோசமாக வரலாம். வந்தால் அங்கே காலிப் பணியிடங்களை நிரப்ப அரசுக்கு நெருக்கடி வரும். எனக்கு வேண்டியது அந்த நெருக்கடிதான்.

இதில் செலவு உண்டு, தேர்வாளர் தட்டுப்பாடு உண்டு. வருகைப் பதிவு போடுவதற்கே சலிக்கும் ஆசிரியர்கள் இன்னொரு பாரத்தைத் திட்டுவார்கள். 2019ன் புதிய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனுக்கும் லாக் புக்கில் கையெழுத்து வேண்டும் என்று வந்தது. ஒரு கல்லூரியில் கடைசி வாரத்தில் நாற்பது லாக் புக்கை அடுக்கி வைத்துக்கொண்டு டீ குடித்தபடி கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன். என் திட்டத்துக்கும் அந்தக் கதி வரலாம். அதனால்தான் வெளியாள், குலுக்கல், முடிவு வெளியீடு மூன்றையும் சேர்த்தே கேட்கிறேன். ஒன்று இல்லாவிட்டாலும் இது இன்னொரு லாக் புக்.

சரி, உடைக்க முடியாது, முழு நெக்ஸ்ட் அல்லது ஒன்றுமே இல்லை என்று டில்லி சொன்னால்? நான் நெக்ஸ்டை எடுப்பேன். இதைச் சொன்னதற்காக இரண்டு நண்பர்கள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. கோச்சிங் பெருகும், கிராமத்துப் பிள்ளைக்குப் பாரம் கூடும், தெரியும். ஆனாலும் அதன் இரண்டாம் கட்டத்தில் ஒரு நோயாளியும் ஒரு வெளியாளும் இருக்கிறார்கள். இன்றைய நிலையில் சில கல்லூரிகளில் அந்த இருவருமே பெயருக்குத்தான்.

இந்த ஆண்டு கவுன்சலிங்கில் நிற்கும் குடும்பங்களுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. அவர்கள் ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால் ஸ்மார்ட் வகுப்பறையையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, காலை பதினொரு மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிரசவ வார்டு எங்கே என்று கேளுங்கள், நேற்று எத்தனை என்று அங்கே இருக்கும் நர்ஸிடம் விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி. ஆயிரக்கணக்கான படுக்கை வைத்துக்கொண்டு பல காலம் ஆண்டுக்கு 60 பேரைத்தான் எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்த்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேன்டீனில் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை பேர் நிற்பீர்கள் தம்பி என்று கேளுங்கள்.